தரைக்கடியில் கரிமணல்

காமா சாரைப் போல ஒரு பிடிவாதக்காரரைக் குமரி மாவட்டம் பெற்றதில்லை. இனிப் பெற அதற்குத் தெம்பும் இல்லை. நாகர்கோவிலில் நான் எழுத்தராக இருந்த கல்லூரியில் கதிரியக்க ஆய்வகம் அவர் பொறுப்பு. நாள் முழுக்கக் காமாக் கதிரோடு கிடந்ததால் அந்தப் பெயர். மற்றபடி அவர் எதையும் காமாசோமாவென்று செய்து யாரும் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் விடுற கதிருக்குத் தனி ஆற்றல் உண்டுவே. திரையில அதுக்க இடத்துலதான் முகடு எழும்பும். இடத்தப் பாத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்" என்பார்.

ஒருநாள் முதல்வர் வாழைப்பழத்தை உரித்தபோது, "அதுலயும் கதிரியக்கப் பொட்டாசியம் உண்டு சார்" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்பதை அரைமணி நேரம் கழித்துத்தான் சொன்னார். அதற்குள் பழம் குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. முதல்வர் டாக்டரிடம் போயிருந்தார்.

களியக்காவிளைக்காரர் ஒருவர், கோடி பெறும் இரிடியக் கலசம் என்று பட்டுத்துணியில் சுற்றி ஒரு செம்பைக் கொண்டுவந்தார். சார் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தார். "செம்பும் துத்தநாகமும். குடிக்க வெள்ளம் கோரி வைக்கலாம்." வந்தவர் அழுதே விட்டார். சார் 'பித்தளை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் மேரி வந்தாள். கடற்கரை ஊர். எட்டு வயது மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு பால்மாவு டப்பா நிறையக் கரிமணல். வீடு கட்டும்போது தரையை மேடாக்க அவள் கணவர் சூசை கடற்கரையிலிருந்து சுமந்து போட்ட மண்.

"இதுதான் எனக்க பிள்ளையக் கொன்னுதா சாரே? பாத்துச் சொல்லணும்."

"ஒரு மாசம் ஆகும்" என்றார் சார். மண்ணைக் காயவைத்துச் சலித்து, காற்றுப் புகாமல் அடைத்து வைத்தபிறகுதான் அளக்க முடியுமாம்.

அவள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆறுதலா ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"அளக்காம எந்த வார்த்தையவே சொல்ல?"

செவ்வாய்க்கிழமைதோறும் மேரி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். சார் வெளியே வருவார், அவள் பக்கத்தில் சற்று நிற்பார், உள்ளே போவார்.

முடிவு வந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில் சூசை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் கடலுக்கே போகவில்லை என்றாள் மேரி.

"மண்ணுல தோரியம் இருக்கு, கதிர் விடுற பொருளு. சாதாரண மண்ணவிட எவ்வளவோ கூடுதல்" என்றார் சார்.

"அப்போ நாந்தான்" என்றார் சூசை, திரும்பாமலே.

எனக்குச் சாரின் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. அவர் சூசையின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"மண்ணுல என்ன இருக்குன்னு மெஷின் சொல்லும். நோய் எதுனால வந்துதுன்னு அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா, எவ்வளவு கொடுமையா இருந்தாலும் உம்மகிட்ட சொல்லியிருப்பேன்வே."

பாதிரியாரும் சொந்தக்காரர்களும் 'உன் தப்பில்லை' என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தார்கள். ஒன்றையும் சூசை நம்பவில்லை. இந்த மனிதர் 'தெரியாது' என்றதை நம்பினார். மகள் செத்து அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதார். சார் எழுந்திருக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும், தொட்டிலில் கிடந்த அவர்களுடைய கைக்குழந்தையைக் காட்டி, "இதுக்கு இந்த மண்ணு வேண்டாம்" என்றார் சார். பேண்ட்டை மடித்துவிட்டுக் கடப்பாரை கேட்டார். மூன்று நாள் கல்லூரிக்கு லீவு போட்டு, சூசையோடு சேர்ந்து தரையை உடைத்து, கரிமணலை அள்ளிக் கடற்கரைக்கே சுமந்தார். செம்மண் நிரப்பி, கதிர் அளக்கும் கருவியை வைத்து அளவு இறங்கியதைப் பார்த்தபிறகே கிளம்பினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

ஓய்வு பெற்று இப்போது பத்மநாபபுரத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிறுதோறும் போன் செய்வேன். "என்னவே?" என்பார். அதற்கு மேல் பேச அவரிடம் ஒன்றும் இருக்காது. நானும் வைக்காமல், அவர் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன்.