டொல்பினைக் கண்டவர்

வாசகரே, உங்கள் ஊரில் கடல் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் கப்பல் போய்வந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கப்பலில் வேலை செய்தவரைச் சொல்லவில்லை. அந்தப் பாவம் வாயே திறக்கமாட்டார். நான் சொல்பவர் வேறு. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து டிக்கட் போட்டுக்கொடுக்க, சிங்கப்பூரில் ஏறி, மனைவியோடு ஒரு வாரம் கடலில் சுற்றிவிட்டு, திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்கியவர். ஏறிய இடத்திலேயே இறங்குவதற்கு ஒரு வாரம் எடுத்ததைப் பெருமையாகச் சொல்லக்கூடியவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். கடலே இல்லாத கண்டியில் இந்த இனம் கொஞ்சம் கொழுத்தே வளர்கிறது. மறுத்துச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

இவரைக் கண்டுபிடிப்பது லேசு. கல்யாண வீட்டுப் பந்தியில் இறால் வந்தால், கப்பலில் சாப்பிட்ட இறாலைப் பற்றிச் சொல்வார். இறால் வராவிட்டால், வராததைச் சாட்டிக் கப்பலில் சாப்பிட்ட இறாலைப் பற்றிச் சொல்வார். பல் வைத்தியரிடம் வாயை ஆவென்று திறந்துகொண்டிருக்கும்போதுதான் கொஞ்சம் நிறுத்துவார். செத்த வீட்டில் துக்கம் விசாரித்து முடிந்ததும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்களே, அந்த இடைவெளி அவருக்குப் போதும்.

"நல்ல மனிசன், பாவம். ஒருக்கா எண்டாலும் கப்பலிலை போயிருக்கலாம்."

அன்னிவத்தை மேட்டில் இருக்கும் விவேகானந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவையாளராகக் கண்டிக்கு மாற்றலாகி வந்து, கண்டியிலேயே ஓய்வு பெற்றுத் தங்கிவிட்டவர். வேலையில் இருந்த காலம் முழுக்கக் காணி அளந்தார், இப்போது கப்பல் அளக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். "அந்தக் கப்பலைக் கொண்டுவந்து எங்கட கண்டி வாவிக்குள்ளை இறக்கினா என்ன நடக்கும் சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்பார். நீங்கள் யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். "தண்ணி முழுக்க றோட்டுக்கு வந்திடும்! மார்க்கட் வரைக்கும் போகும்!" என்று அவரே விடையும் சொல்லி, அவரே சிரித்தும் விடுவார்.

அவருடைய வீட்டுக்குப் போனால் தப்பவே முடியாது. வாசலுக்கு நேரே, கப்பல் கடையில் வாங்கிய கப்டன் தொப்பியோடு அவர் நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. கதிரைகள் எல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் உட்கார்ந்து காலை உள்ளே இழுப்பதற்குள் ரிமோட் அவர் கைக்கு வந்துவிடும். கப்பல், கப்பலின் மேல்தட்டு, மேல்தட்டில் நீச்சல் குளம், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பழம். ஒன்றன்பின் ஒன்றாகப் படம் ஓடும். இத்தனை படத்தில் ஒன்றிலாவது விவேகானந்தன் கடலைப் பார்த்தபடி நிற்கிறாரா? இல்லை. அதை இதுவரை யாரும் கேட்கவும் இல்லை. கடைசியில் ஒரு படம் வரும். சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் கறுப்பாக ஏதோ ஒரு கோடு.

"டொல்பின்!" என்பார். "வால் தெரியுது, பாத்தீங்களோ?"

வந்தவர்கள் கழுத்தை நீட்டி, "ஓமோம், தெரியுது" என்பார்கள். தேத்தண்ணித் தட்டோடு நிற்கும் ஞானேஸ்வரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் விவேகானந்தனின் மனைவி. அந்தப் படங்கள் அத்தனையையும் எடுத்தவர் அவர்தான். படம் எடுத்தவர் படத்தில் இருக்கமாட்டார் அல்லவா? அதனால் அவரும் கப்பலில் போனார் என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

கல்யாணம் செய்து நாற்பது வருடம் ஆனதற்காக மகன் சுஜந்தன் கனடாவிலிருந்து இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தான். கடல் ஆட்டத்தில் வாந்தி வராமல் இருக்கக் குளிசை, அதுதான் மாத்திரை, கொண்டுபோகச் சொன்னான். விவேகானந்தனுக்கு ரோசம் வந்துவிட்டது. மகியங்கனைப் பாதையில் பதினெட்டு வளைவு இருக்கிறதே, அதிலே எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பார்! பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட, இவர் மட்டும் அசையாமல் கச்சான் கடலை சாப்பிட்டவர். "பதினெட்டு வளைவுக்கே அசையாத ஆள் நான். கடலிலை ஒரு வளைவு கிடக்கோ? நேர் றோட்டு மாதிரியெல்லே!" என்றார். குளிசை வீட்டிலேயே நின்றுவிட்டது. மலைநாட்டில் குடியிருக்கும் மனிதனுக்கு வளைவு இருந்தால்தான் வாந்தி வரும் என்று ஒரு நம்பிக்கை. கடலுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முதல் நாள் மத்தியானம் அவர் சாப்பிட்ட சாப்பாட்டை இங்கே எழுதினால் கடதாசி போதாது. எல்லாம் டிக்கட்டுக்குள் அடக்கம் என்று தெரிந்ததும், டிக்கட்டுக்குள் அடங்கியதெல்லாம் வயிற்றுக்குள்ளும் அடங்கும் என்று எண்ணிவிட்டார். கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. விவேகானந்தன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்தவர், கப்பல் திரும்பவும் சிங்கப்பூருக்கு வந்து நிற்கும்வரை எழும்பவில்லை. அந்தத் தொப்பிப் படம்கூட இறங்குகிற அன்று எடுத்ததுதான். ஜன்னல் இல்லாத அறை வேறு. அந்த ஒரு வாரமும் அவர் கண்ட கடல், கழிவறைத் தொட்டிக்குள் இருந்த தண்ணீர்தான்.

"ஐயோ ஞானேஸ், என்னை இறக்கி விடச் சொல்லும்!"

"இஞ்சேருங்கோ, நடுக்கடலிலை எங்கை இறக்கிறது?"

ஞானேஸ்வரி கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார். முதுகு தடவினார். அடுத்த நாள் சூப் எடுக்க மேலே போனார். சூப் எடுக்கப் போன இடத்தில் ஒரு கதிரை இருந்தது. கதிரைக்கு முன்னால் கடல் இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஒருவன் வந்து தட்டை வைத்து, "வேறென்ன வேணும், மெடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நாற்பது வருடமாக மற்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஞானேஸ்வரி. அவரிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தரம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐஸ்கிரீம் கேட்டார். காலையில் ஐஸ்கிரீம்!

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நீச்சல் குளத்தில் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நனைத்தார். பாட்டுக் கச்சேரியில் முன்வரிசையில் இருந்து கை தட்டினார். பினாங்கில் தனியாக இறங்கி, கோயிலைக் கும்பிட்டு, வழி தவறி, கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தார். ஒரு விடியற்காலையில் மேல்தட்டில் யாருமே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தண்ணீருக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு முதுகு வளைந்து எழும்பி மறைந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டே இரண்டு டொல்பின். ஞானேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். கீழே புருசன் குடல் வெளியே வரக் கிடக்கிறார், மேலே தனக்கு இப்படியொரு சந்தோஷமா என்று அடுத்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது.

அந்த வெட்கத்துக்குத்தான் அவர் தண்டம் கட்டினார். ஒவ்வொரு முறையும் அறைக்குத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, கண்டதை எல்லாம் ஒன்று விடாமல் புருசனுக்குச் சொன்னார். பாவம் அந்த மனிசன், அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்றுதான். விவேகானந்தன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் கேட்டிருக்கிறார்.

கண்டிக்குத் திரும்பிய முதல் வாரம் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். "டொல்பின் வந்ததாம், ஞானேஸ் கண்டவ" என்றார். கட்டுகலைப் பிள்ளையார் கோயில் வாசலில் அது, "டொல்பின் வந்தது, நாங்கள் கண்டம்" என்று ஆனது. ஒரு கல்யாண வீட்டில், "நான்தான் இவவுக்குக் காட்டினனான்" என்றார். ஞானேஸ்வரி சிரித்துச் சமாளித்தார். போகட்டும், நோயில் கிடந்தவர், ஆசைக்குச் சொல்கிறார் என்று விட்டார். பினாங்குக் கோயிலும் அவர் பக்கம் போனது. கச்சேரி போனது. ஐஸ்கிரீமும் போனது. தான் பார்த்ததை எல்லாம் தன் முன்னாலேயே இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்பது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சில நாட்களில் அவருக்கே சந்தேகம் வந்தது. நான் உண்மையில் அங்கே நின்றேனா? வாழ்க்கையில் தனக்கென்று கிடைத்த ஒரே ஒரு வாரமும் இப்படியே கரைந்து போய்விடுமோ என்று பயந்தார்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பக்கத்து வீட்டுப் பாயிஸும் ரபீகாவும் வந்தார்கள். பாயிஸுக்குக் கெலிஓயாவில் சாமான் கடை. அவர்களுடைய மகன் ருஷ்தியும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அதே கப்பலில் டிக்கட் போட்டுவிட்டான். ரபீகாவுக்குப் போக ஆசை, பயமும் அவ்வளவு.

"சேர், இவ போகமாட்டன் எண்டு நிக்கிறா" என்றார் பாயிஸ். "பஸ்ஸுல ஏறினாலே இவக்குத் தல சுத்தும். நீங்கதான் போய் வந்த ஆள். வாந்தி கீந்தி வருமா சேர்?"

"வாந்தியோ!" விவேகானந்தன் ரிமோட்டைத் தூக்கினார். "சும்மா கதை பாயிஸ். எனக்கு ஒரு ஏப்பம்கூட வரேல்லை. குளிசை ஒண்டும் வேண்டாம். பதினெட்டு வளைவுக்கு அசையாத ஆக்களுக்குக் கடல் என்ன செய்யும்? இஞ்சை பாருங்கோ, இந்த டொல்பினை. விடிய வெள்ளன நான் மேல்தட்டிலை நிக்கிறன். டக்கெண்டு ஒரு கூட்டம்! ஓடிவந்து இவவைத் தட்டித் தட்டி எழுப்பிறன். எங்கை எழும்பினா? இவ நல்ல நித்திரை!"

நித்திரையாம்.

ரபீகா மெதுவாகத் திரும்பி, "ஞானேஸ் அக்கா, நீங்க சொல்லுங்க. எனக்கு இங்க ஈக்கிற கம்பளைக்கு பஸ்ஸுல போறதே ஏலாம ஈக்கி. உண்மையாவே ஒண்டும் வராதா?" என்று கேட்டார்.

ஞானேஸ்வரி தட்டை மேசையில் வைத்தார். புருசனைப் பார்த்தார், அவர் கண்ணால் கெஞ்சினார். நாற்பது வருடம் அந்தக் கண்ணுக்கு அடங்கியவர்தான். ஆனால் இந்தப் பிள்ளை குளிசை இல்லாமல் போய் அங்கே கிடந்து சாகப்போகிறதே! அதைவிட, நித்திரை என்ற அந்த ஒரு சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை.

"வரும் ரபீகா. குளிசை கட்டாயம் கொண்டு போம். இவர் கப்பல் வெளிக்கிட்டதிலை இருந்து இறங்குமட்டும் கட்டிலிலை கிடந்தவர், பொலித்தீன் பையோடை. டொல்பினை நான்தான் கண்டனான். தனிய நிண்டு கண்டனான். நான் நித்திரையில்லை!"

கடைசி வார்த்தை கொஞ்சம் உரத்துத்தான் வந்துவிட்டது. பாயிஸ் சீலிங் ஃபேனைப் பார்த்தார். விவேகானந்தனின் முகம் சுருங்கி, ரிமோட் மடியில் இறங்கியது. ஞானேஸ்வரிக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. பத்துப் பேர் மதிக்கும் மனிசனை அயலட்டைக்கு முன்னால் இப்படிக் கவிழ்த்துப் போட்டோமே, இனி எப்படித் தலை நிமிர்வார் என்று அவருக்கு அழுகையே வந்தது.

விவேகானந்தன் தொண்டையைச் செருமினார்.

"ஓம் பாயிஸ். வாந்தி எடுத்தனான். மறைக்க என்ன கிடக்கு? ஆனா அது லேசுப்பட்ட வாந்தியில்லை, கேட்டீரோ. கப்பல் டொக்டரே இறங்கி வந்து பாத்தவர். என்ர நாடியைப் பிடிச்சுப்போட்டு என்ன சொன்னவர் தெரியுமோ? இந்தக் கப்பலிலை இப்பிடி ஒரு கேஸை தான் கண்டதே இல்லை எண்டார்!"

"அப்பிடியா சேர்!" என்று பாயிஸ் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

டொக்டர் வரவே இல்லை. ஞானேஸ்வரி அதைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். வாந்தி அவருடையது. அதை அவர் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மனம் காற்றுப்போல லேசாகிவிட்டது ஞானேஸ்வரிக்கு. ரபீகாவைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளிசையின் பெயர், வெறும் வயிற்றோடு ஏறக்கூடாது என்பது, ஜன்னல் உள்ள அறை கேட்க வேண்டும் என்பது எல்லாம் சொன்னார். ரபீகாவின் முகம் தெளிந்தது. "அப்ப நான் போறன் அக்கா" என்றார். பிறகு ஆசையாகக் கேட்டார், "டொல்பின் பாக்க எப்பிடி ஈந்திச்சு?"

ஞானேஸ்வரி அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டார். கண் எங்கேயோ போய்விட்டது. "அதையேன் கேக்கிறீர் ரபீகா! விடிய வெள்ளன, ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நான் தனிய. டக்கெண்டு தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு ஒரு பத்துப் பன்ரண்டு…"

பார்த்தீர்களா? இரண்டு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு நாள் பொறுத்திருந்தவர், இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கப்பல்காரர் யார் என்றும் நினைத்துப் பார்த்துவிட்டீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு நாலு பேர் கூடிய இடத்தில் இந்தக் கதையை எடுத்துவிடுவீர்களே, அப்போது எப்படித் தொடங்குவீர்கள்? "எங்கேயோ வாசித்தேன்" என்றா? இல்லை, "எனக்குத் தெரிந்த ஒருவர் கண்டியில் இருக்கிறார், அன்றைக்கு நானும் அவர் வீட்டில்தான் இருந்தேன்" என்றா?