சாரல் காலத்தில் வெயில் தேடியவர்

எனக்கு வயது எண்பத்தொன்று. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். ஐந்தும் சொன்ன பேச்சைக் கேட்காதவை. ஆனாலும் எங்கள் மாடியறையில் தங்கிய வெயில் சாருக்கு முன் அவை பசுக்கள். ஊர் உலகமெல்லாம் சாரலுக்காகக் குற்றாலம் வரும். வெயில் வேண்டுமென்று வந்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் ஆடி மாதத்தில்.

கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவராம். வெள்ளைப் பெயிண்டில் கலக்கிற பொடி ஒரு மூட்டை வைத்திருந்தார். அதன்மேல் வெயில் பட்டால் அழுக்குத் தண்ணீர் தெளியுமாம். புகையிலுள்ள கரியமிலவாயு திரும்ப எரிபொருளாகுமாம்.

"அப்போ எங்க அடுப்பு அதோட புகையையே தின்னுட்டு எரியுமா சார்?"

"எரியும்மா. வெயில் மட்டும் வரட்டும்."

அது எண்பதுகளின் தொடக்கம். ஐந்தருவிச் சாலையில் சீசனுக்கு நாலு அறை வாடகைக்கு விடுவேன். வருஷச் சோறே அதில்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் மாட்டுத் தொழுவத்துக் கழிவுநீர் நாறுகிறதென்று சுகாதார அதிகாரி வந்து நின்றார்.

"அடுத்த வெள்ளிக்குள்ள நாத்தம் போகலன்னா அறையப் பூட்டிருவேன், பாத்துக்கோ."

நான் மாடிக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். வெயில் சார் முகத்திலோ கல்யாணக் களை. கழிவுநீரைத் தட்டுகளில் ஊற்றி, பொடியைக் கலந்து, மொட்டைமாடி முழுக்கப் பரப்பினார். சாரல் அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது. மறுநாள் தட்டுக்குக் குடை பிடித்தபடி வெயிலுக்குக் காத்திருந்தார். படித்தவர் அல்லவா.

தென்காசியில் வெயிலடிக்கிறது என்று கேள்விப்பட்டதும், வாளி நிறையக் கழிவுநீரோடு பஸ் ஏறினார். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாராம்:

"குத்தாலத்துலேர்ந்து எல்லாவனும் அருவித் தண்ணி கொண்டு போவான். நீரு என்னத்தவே கொண்டு போறீரு?"

சாயங்காலம் ஒரு பாட்டில் தெளிந்த நீரோடு திரும்பினார். நாற்றமில்லை. ஆனால் தொழுவம் முழுக்க பாட்டிலில் அடங்குமா? இலஞ்சி முருகனிடம் போய், சாரல் நிற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். அருவியில் குளிக்க வருபவர்களுக்குத் துண்டு விற்கிற அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு வாசலில் வந்து கத்தினார்: "அந்த ஆள வெளிய அனுப்புதியா, நாங்க தூக்கிட்டுப் போவட்டுமா?"

மறுநாளே சாரல் நின்றது. மண்டையைப் பிளக்கிற வெயில். தட்டுத் தட்டாகத் தண்ணீர் தெளிந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து மோந்து பார்த்தார்.

"நல்லாருக்கு. அறைய விட்டுக்கோ."

"யாருக்கு ஐயா?"

அருவி வற்றி, வந்த கூட்டமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. வெயில் சார் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தார்.

"நான் வேணா நாலு அறையிலயும் மாறி மாறிப் படுத்துக்கிடட்டுமாம்மா?"

இப்போதும் சாரல் நின்று வெயிலடித்தால் ஊரே முகம் சுளிக்கும். நான் ஒருதரம் மாடியைப் பார்த்துக்கொள்வேன்.

ஏட்டி பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத முதல்லேர்ந்து வாசி. வெயில் வருத எடத்த மட்டும் மெதுவா வாசி.