கம்பிக்காரனுக்குப் பெண் பார்த்தோம்

சிதம்பரம்,
மார்ச் 1967

பினாங்கில் கடையும் கையுமாக இருக்கும் அன்பு மச்சான் சேக் பரீது அவர்களுக்கு ஜமாலுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உங்கள் தங்கை ருக்கையாவும் சுகம். உங்கள் உடம்பும் அப்படியே இருக்க துஆ கேட்கிறோம்.

உங்கள் மருமகன், எங்கள் பிள்ளை ரஃபியுதீன் சீமையிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே என்னதான் வேலை என்று கேட்டிருந்தீர்கள். நயோபியம், டைட்டானியம் என்று இரண்டு உலோகத்தை உருக்கிச் சேர்த்துக் கம்பியாக இழுக்கிறார்களாம். கடுங்குளிரில் வைத்தால் அதில் கரண்ட் துளிகூட வீணாகாமல் ஓடுமாம், அந்தக் கம்பியைச் சுற்றிக் காந்தம் செய்து, சூரியனில் எரிகிற மாதிரி நெருப்பை அந்தக் காந்தத்தின் பிடியில் நிறுத்தி, ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் கரண்ட் எடுப்பார்களாம். இன்னும் யாரும் எடுக்கவில்லை. பழைய புரொபசரிடம் காட்ட ஒரு சுருள் கம்பி கொண்டுவந்திருந்தான். ருக்கையா அதைக் கொல்லையில் கட்டி ஈரச் சேலையைக் காயப்போட்டுவிட்டாள். அவன் கத்தினான். "குளுருல வைக்கணும்னு நீதானடா சொன்ன, ஈரத்துணி குளுரு இல்லியா?" என்றாள். அதற்குள் கரண்ட் பில்லே வராத கம்பி என்று தெருவில் பேச்சாகி, எதிர்வீட்டு சூசைமாணிக்கம் தன் வீட்டுக்குப் பத்தடி கேட்டு வந்து நின்றார்.

இந்த லட்சணத்தில்தான் கிள்ளை கவுஸ் மரைக்காயர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

"மாப்ள லைன்மேனா?" என்றார் மரைக்காயர்.

இவன் விளக்கினான். அவர் விடவில்லை. "எவ்ளோ குளுரு வேணும்? ஊட்டி மாதிரியா?"

"அதுக்கு ஊட்டியெல்லாம் அடுப்பு மாமா."

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பெண் ஷரீபாவே கேட்டாள்: "அந்தக் குளுரு நடுவுல கொறஞ்சுட்டா கம்பி என்னாவும்?"

இவன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். "எரிஞ்சுடும்! போன வருசம் ஒண்ணு எரிஞ்சுதுங்க. அதான் இப்ப சுத்தி செம்பு வச்சுப் பாக்கறோம். கம்பி கைவிட்டா கரண்டு செம்பு வழியா போவும், அதுக்குள்ள கம்பி திரும்ப ஆறிடும்."

"ஆறலன்னா?"

"அதத்தான் இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்."

திரையும் இவனும் பேசிக்கொண்டே போக, மரைக்காயர் இருமினார். "புள்ள நல்ல புள்ளதான். ஆனா இன்னும் பத்திக்காத நெருப்பு, அதுக்கொரு கம்பி, அதுக்கொரு குளுரு. இத நம்பிப் பொண்ண கப்பலேத்த முடியாது. கம்பிய விட்டுட்டு இங்கயே இருந்தா சம்மதம்."

ரஃபியுதீன் திரையைப் பார்த்தான். "சரி மாமா" என்றான். வீட்டுக்கு வந்ததும் கம்பிச் சுருளைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினான், போகப்போகச் சரியாகிவிடும். கடலூரில் வாத்தியார் வேலைக்குச் சொல்லிவைத்து, மாடி அறைக்கு வெள்ளையும் அடித்துவிட்டேன். பிள்ளை இனி கண்முன்னே இருப்பான். இதைவிட எனக்கு என்ன வேண்டும் மச்சான்?

குடும்பத்தார் எல்லாருக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
ஜமாலுதீன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மரைக்காயர் பஸ் ஏறி வந்துவிட்டார். "கம்பிய விட்டுட்டு வர்றவரு எனக்கு வேணாங்கறா எம்மவ. அவுரு சீமைக்கே போவட்டும், நானும் கூடப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா" என்றார். ஆகவே மேலே எழுதியதில் சலாம் தவிர எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கப்பலுக்கு இரண்டு டிக்கெட். ரஃபியுதீன் மாடியில் பாடுகிறான். மரைக்காயர் போகும்போது வாசலில் என் காதோரம், "இவுங்க பேசறது ஒண்ணாவது புரியுதா சம்மந்தி?" என்றார். சத்தியமாக இல்லை என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பே வந்தது.