வெறும் தாம்பாளத்தோடு ஆஸ்திரேலியா

சின்ன காஞ்சிபுரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

திருப்புட்குழியில் இருக்கும் என் தம்பி சீனிவாசனுக்கு அக்கா ரேணுகாம்பாள் எழுதுவது. நீயும் உன் மனைவியும் விஷாலும் சௌக்கியமாக இருக்க வரதராஜரை வேண்டிக்கொள்கிறேன். என் சௌக்கியத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

முதலில் ஒரு திருத்தம். கூரத்தில் குமரகுரு வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அக்கா ஆஸ்திரேலியா போயி ஓட்டல்ல பாத்திரம் கழுவிக்கினு இருந்துச்சி" என்று நீ நான்கு பேர் காதில் விழும்படி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இது தவறு. பாத்திரம் கழுவியது இயந்திரம். நான் துடைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் என் பேச்சை எடுக்காதே. பெட்டி வாங்க வக்கில்லாமல் முதுகில் மூட்டை சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தேன் என்பதும் தவறு. அது மூட்டை அல்ல, உன் மகன் விஷாலின் பை. "டிராலில்லாம் வேணாம் அத்தை, பேக்பேக்னா ஃப்ரீயா இருக்கும்" என்று அவன்தான் மாட்டிவிட்டான். அதிலிருந்து தண்ணீர் உறிஞ்ச ஒரு குழாய்கூட நீட்டிக்கொண்டிருந்தது. அதை நான் ஒரு முறையும் வாயில் வைக்கவில்லை என்பதையும் கூரத்தில் சொல்லிவிடு.

இனி விஷயம். அவர் காலமான பிறகு இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்தி. வீட்டை முத்துக்குமாரின் பட்டுக் கடைக்குச் சரக்கு வைக்க விட்டுவிட்டு, உன் வீட்டோடு வந்துவிடு என்று நீ சொன்னாய். என்னோடு கான்வென்டில் படித்த மூன்று பேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், மூவரும் என்னைப் போலவே புருஷனை இழந்தவர்கள், ஒருத்தியாவது வந்து என்னோடு இருப்பாள் என்று நான் சொன்னேன். யாரும் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். யாரும் வரவில்லை. சாவி உனக்குத்தான். வெள்ளிக்கிழமை முத்துக்குமாரை வரச் சொல். ஆனால் நான் தோற்றது எப்படி என்பதை என் வாயால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதையும் நீயே ஒரு பந்தியில் இட்டுக்கட்டிச் சொல்லுவாய்.

போனில் கேட்டால் முடிகிற காரியத்துக்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று நீ கேட்டாய். போனில் கேட்பது விசாரிப்பது. அழைப்பது வேறு. ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைப்பதென்றாலே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்கிறோம். வீட்டோடு வந்து இரு என்று போனிலா அழைப்பது? அதனால் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, விரலி மஞ்சள், மூன்று பேருக்கும் கோவில் இட்லி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மெல்பர்ன் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி, இலை, விதை, வேர், சமைத்த உணவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொய் சொல்லக் கூடாது என்று சிஸ்டர்கள் வளர்த்த பெண் நான். எல்லாம் இருக்கிறது என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். மந்தாரை இலையில் பொதிந்த இட்லியை மோந்து பார்த்து இது என்ன என்றார். மிளகு, சீரகம், சுக்கு என்று பக்குவம் முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், பிறகு அத்தனையையும் தொட்டியில் போட்டார். இரண்டு கையாலும் எடுத்துப் போட்டார், அந்த மட்டுக்கும் மரியாதை. வெறும் தாம்பாளத்தை மட்டும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மெல்பர்னில் தையல்நாயகி. அவள் மகன் அங்கே தோசைக் கடை வைத்திருக்கிறான். நான் போய் இறங்கியதும் அந்தப் பிள்ளை, "காபி சாப்டுறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான். வேண்டாம்பா என்றேன். நீயே சொல், வேறு என்ன சொல்வது? வந்த வீட்டில் எடுத்த எடுப்பில் கொண்டா என்றா சொல்லுவார்கள்? வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் அட சும்மா சாப்பிடுங்க என்று சொல்ல வேண்டும், எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும், அதற்குள் காபி வந்துவிட வேண்டும். இங்கே அவன் சரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தான், காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். ராத்திரி இன்னும் ஒரு தோசை வேண்டுமா என்றான், வேண்டாம்பா என்றேன், தட்டை எடுத்துவிட்டான். அந்த வீட்டில் நான் பட்டினி கிடந்தது பத்து அடி தள்ளி மாவு அரைத்துக்கொண்டிருந்த தையல்நாயகிக்கே தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல்தான் கடையில் பாத்திரம் துடைத்தேன். என் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது, ஆகவே அது வேலை அல்ல, உதவி. கடைசியில் அந்தப் பிள்ளை ஓர் உறையை நீட்டினான். அதெல்லாம் எதுக்குப்பா என்றேன். உடனே மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாங்கியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் இன்னொரு தரம் நீட்டுவதுதானே முறை?

தையல்நாயகியை முறைப்படி மூன்று தரம் அழைத்தேன். மூன்றாவது தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வந்துட்டா இவன் சாம்பார்ல சர்க்கரைய போட்ருவான் ரேணு" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது?

அங்கிருந்து பஸ்ஸில் மில்டூரா என்ற ஊர். போகிற வழியெல்லாம் ஒரு மனுஷ முகம் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. நான் ஏதோ உலகம் முடிந்த பிறகு பஸ் ஏறினவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அங்கே அருள்மேரி, மகன் மருமகளோடு ஆரஞ்சுத் தோப்பில் இருக்கிறாள். மருமகள் அந்த ஊர்ப் பெண். நல்ல பெண், எங்கள் வீட்டிலேயே தங்குங்கள் என்றாள். உங்களுக்கு எதற்கம்மா சிரமம் என்று ஒரே ஒரு தரம் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் போனை எடுத்து, ஊர் சுற்ற வருகிற பிள்ளைகள் தங்கும் விடுதியில் எனக்கு ஒரு கட்டில் சொல்லிவிட்டாள். அடுக்குக் கட்டில், அதிலும் மேல் கட்டில். எழுபத்தொரு வயதில் ஏணி வைத்து ஏறித் தூங்கியிருக்கிறேன் சீனு. ஐந்தாறு தேசத்துப் பிள்ளைகள் கீழே குறட்டை விட்டுக்கொண்டு இருந்ததுகள். காலையில் எல்லாரையும் தோப்பு வேலைக்கு வேனில் ஏற்றினார்கள், என்னையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். பழத்தைத் தரம் பிரிக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். நான் புடவைக் கடையில் பேட்டு என்கிற கரையும் உடம்பும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்து வாங்குகிறவள். ஒரு பக்கம் உருண்டை மறுபக்கம் சப்பையாக இருக்கிற ஆரஞ்சை நல்ல பழம் என்று எப்படிச் சேர்ப்பது? மதியத்துக்குள் என் பக்கம் தேறியது ஒரு கூடை, தேறாதது ஒரு குன்று. மேஸ்திரி வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், என்னை நிழலில் உட்காரச் சொன்னார். நாலு மணிக்கு வேன் திரும்பும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அருள்மேரியை அழைத்தேன். நாய்களை விட்டு வர முடியாது என்றாள். சரி, இரண்டாவது தரம் அழைத்தேன். சிரித்தாள். மூன்றாவது தரம் வாயைத் திறக்கும்போது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆன்ட்டி, அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு மறுபடி கேட்பது அவர் பேச்சை நம்பாதது போல ஆகும், இந்த ஊரில் அது மரியாதை இல்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். என் ஆயுசில் மரியாதை தெரியாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அன்று ஏணி ஏறும்போதே தீர்மானம் செய்துவிட்டேன். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் மரியாதை. இனி யாரையும் ஒரு தரத்துக்கு மேல் கேட்பதில்லை.

வெறும் தாம்பாளத்தில் வைத்துக்கொள் என்று அருள்மேரி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தாள். அடிலெய்ட் போகிற வழியில் மாநில எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, இந்தப் பக்கத்துப் பழம் அந்தப் பக்கம் போகக் கூடாது, பூச்சி வரும் என்று அதையும் தொட்டியில் போட வைத்தார்கள். நானே பார்த்துப் பொறுக்கின பழம் சீனு, ஒன்றுகூடச் சப்பை இல்லை.

அடிலெய்டில் கிரேஸ். பிள்ளைகள் வேறு வேறு ஊரில். இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஒரு சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கப் போகிறாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த முனையை அவள் பிடிக்க, இந்த முனையை நான் பிடிக்க, புடவை மடிக்கிற மாதிரியே உதறி, இழுத்து, நேர் பார்த்து, கிட்டே வந்து, ஓரம் சேர்த்து மடித்தோம். மடித்த ஒன்றையும் யாரும் பிரித்துத் திருப்பி மடிக்கவில்லை. இவ்வளவு தூரம் போய் வந்ததில் குறை சொல்ல இடம் இல்லாத நாள் அது ஒன்றுதான். சாயங்காலம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, வெற்றிலையும் இல்லாமல் பழமும் இல்லாமல் தாம்பாளத்தை அப்படியே அவள் முன்னால் நீட்டினேன். ஊருக்கு வந்துவிடு கிரேஸ், மேல் அறை உனக்கு, மாதா கோவில் நடந்து போகிற தூரம் என்றேன். அவள் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஐயே, அதெல்லாம் வேணாம் ரேணு. இந்த வயசுல உனக்கு எதுக்கு நான் ஒரு பாரம்" என்றாள். கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. சரி என்று சொல்லித் தாம்பாளத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். இரண்டாவது தரம் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் அந்த ஊர் மரியாதையைக் காப்பாற்றினேன்.

மறுநாள் கிரேஸ் தோசை வார்த்தாள். இன்னும் ஒன்று என்றாள், வேண்டாம் என்றேன், போட்டாள். இன்னும் ஒன்று என்றாள், வேண்டவே வேண்டாம் என்றேன், அதையும் போட்டாள். இத்தனை வருஷம் அங்கே இருந்தும் இந்தப் பழக்கம் போகவில்லையே, இந்த ஊரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எடுத்துச் சொன்னேன். அவள் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விமான நிலையத்தில், "அவ்ளோதானா ரேணு?" என்று கேட்டாள். அவ்வளவுதான், ஒரே பை என்று முதுகைத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இதுதான் நடந்தது. தாம்பாளம் போனபடியே திரும்பி வந்து அலமாரியில் இருக்கிறது. கீழ் அறைகளை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். முத்துக்குமாரிடம் சொல், தென்மேற்கு அறையில் மழைக் காலத்தில் சுவர் ஓதம் ஏறும், பட்டுச் சரக்கை அங்கே வைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எனக்குச் சன்னல் பக்கத்துக் கட்டில் வேண்டும். மேல் கட்டில் எந்த வீட்டிலும் வேண்டாம். உன் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வை: நான் காபி வேண்டாம் என்று சொன்னால் தயவுசெய்து இன்னொரு தரம் கேட்கட்டும்.

உனக்கும் அவளுக்கும் தீர்க்காயுசு. விஷாலுக்கு நல்ல வேலையும் கொஞ்சம் நிதானமும் கிடைக்கட்டும். அவன் பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
ரேணுகாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கிரேஸிடமிருந்து போன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஏன்டி, ஒரு தடவதான் கேப்பியா? பட்டுக் கடை வாசல்ல நிக்கிற ஆளு, ரோட்ல போறவங்கள மூணு தடவ வாங்கம்மா வாங்கம்மான்னு கூப்புடுறான். நீ அவ்ளோ தூரம் வந்து ஒரே ஒரு தடவ கேட்டுட்டு, தட்ட பையில வச்சிக்கினு பூட்ட" என்றாள். நீதானே வேண்டாம் என்று சொன்னாய் என்றேன். "வேணாம்னுதான் சொல்லுவாங்க. கேட்டவொடனே வரேன்னு சொல்ல நான் என்ன சோத்துக்கு இல்லாமயா இருக்கறேன்?" என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு இரண்டாவது தரம் அழைத்தேன். வேணாம் ரேணு என்றாள். மூன்றாவது தரம் அழைத்தேன். அப்புறம், "மேல் ரூம்ல ஃபேன் ஓடுதா?" என்று கேட்டாள்.

ஓடவில்லை. ஆகவே மேலே எழுதியது எதுவும் எழுதினதாக இல்லை. வெள்ளிக்கிழமை முத்துக்குமார் வர வேண்டாம், அவருக்குப் பதிலாக மின்விசிறி பார்க்கிற ஆளை அனுப்பு. சாவி என்னிடமே இருக்கும். போனில் அழைப்பது அழைப்பு ஆகாது என்று நான் எழுதியதையும் அடித்துவிடு. மெல்பர்னில் அந்த இயந்திரம் இரண்டு நாள் பழுதாகிக் கிடந்தது, அந்த இரண்டு நாளும் கழுவியது நான்தான். கூரத்தில் நீ சொன்னதை மாற்ற வேண்டாம்.

இதெல்லாம் புரிந்தது என்று போனில் குரல் அனுப்பாதே. ஆள் எந்த நாளில் வருவார் என்று எழுதி, தபாலில் பதில் போடு.