முகம் இருந்தால் போதும்

"ஐயா, உங்கள வெளிய தள்ளிட்டாங்க" என்றாள் சர்மிளா.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் அவள் நடத்திய இன்டர்நெட் கடையில் இது நடந்தது. தள்ளப்பட்டவர் சிவசாமி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் மலையக இலக்கியத்தைத் தாங்கி நின்ற ஒரே தூண் தான்தான் என்பது அவருடைய சொந்தக் கருத்து. அதில் இன்னொருவர் வந்து சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

"யாரு தள்ளுனா?"

"சிநேகிதம் டொட் கொம்காரங்க. இனிமே நீங்க உள்ள போகவும் ஏலாது, விளம்பரம் போடவும் ஏலாது."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒரே நாள்ல நானூறு பேருக்கு 'பனிமலைப் பாவை வாங்கிவிட்டீர்களா?'ன்னு அனுப்பியிருக்கீங்க. கனடாவுல ஒருத்தர், புள்ள பொறந்திருக்குன்னு போட்டோ போட்டா, அதுக்குக் கீழயும் அதே கேள்வி. மனுசன் கோவிச்சுக்கிட்டாரு."

"ஏன், அந்தப் புள்ள வளந்து படிக்காதா?"

'பனிமலைப் பாவை' சிவசாமி எழுதி, சிவசாமியே அச்சடித்த நாவல். கதாநாயகி முதல் பக்கத்தில் கொழுந்து பறிக்கப் புறப்படுவாள். நூற்றுப்பத்தாவது பக்கத்தில்தான் மலைக்கு வந்து சேர்வாள். முன்னூறு பிரதிகள். கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்கு மேலே, அரிசி வாளிக்குப் பக்கத்தில் என்று தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸ் வீடு முழுக்கப் பாவைகள்தான் குடியிருந்தார்கள்.

அவருடைய மனைவி சரோஜாதேவி எட்டு மாதம் பொறுத்தாள். அரிசி எடுக்கப் போனபோது ஒரு கட்டு சரிந்து காலில் விழுந்ததும், பையைக் கட்டிக்கொண்டு அக்கரப்பத்தனையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

"இந்த வீட்டுல ஒரு புத்தகம் இருக்கிற வரைக்கும் நான் இந்தப் படிய மிதிக்க மாட்டேன். நானா அதுவான்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

அதற்குக்கூட அவருக்கு யோசிக்க வேண்டியிருந்ததே, அதைச் சொல்லுங்கள்! மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் ரொட்டி கருகி, தேத்தண்ணீரும் கசந்தபோது, சரோஜா இல்லாத வீடு வீடே இல்லை என்று அவருக்கு உறைத்தது. உண்மையாகவே நெஞ்சு கனத்தது. ஆனால் புத்தகத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பாரா? அது இலக்கியத்துக்கு இழுக்காம். எப்படியாவது வாசகர்களை வரவழைத்து, முன்னூறையும் அவர்கள் கையில் சேர்த்துவிட்டு, அப்புறம் மனைவியை அழைத்துவர வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் தள்ளல்.

"வேற பேர்ல போவோம்" என்றார் சர்மிளாவிடம். "பொம்பளப் பேரா வை. லோஜனா. வயசு இருபத்திரெண்டு."

"ஐயா, வேணாங்க..."

"நீ தட்டு!"

லோஜனா பிறந்து அரை மணி நேரத்துக்குள், பனிமலைப் பாவை படித்ததிலிருந்து தனக்குத் தூக்கமே வரவில்லை என்று இருநூறு பேருக்குச் சொல்லிவிட்டாள். அந்த நாவலுக்கும் தூக்கத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது உண்மைதான். லோஜனா அதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த நிமிடம் சிநேகிதம்காரர்கள் லோஜனாவை மட்டுமல்ல, அந்தக் கடையையே மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். பக்கத்து மேசையில், கட்டாரில் இருக்கும் புருஷனுக்குச் சண்டை எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் திரை, சண்டை சூடுபிடித்த இடத்தில் வெள்ளையாகிப் போனது. அவள் மிச்சச் சண்டையைச் சிவசாமியிடம் போட்டு முடித்தாள்.

"ஐயா, கும்புட்டுக்கிறேன்" என்றாள் சர்மிளா. "இனிமே இந்த மாடிப்படி ஏறாதீங்க."

ஏறவில்லை. இறங்கிப்போய் ஜெயதீபனின் அச்சகத்தில் ஏறினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா, கண்டியிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் தம்பிஐயா தலைமை, ஊரெல்லாம் போஸ்டர் என்று திட்டம் தயாராகிவிட்டது. டவுனில் மண்டபம் கேட்டதற்கு, அன்றைக்குக் கல்யாணம் என்று கையை விரித்துவிட்டார்கள். அதனாலென்ன, விழாவைத் தன் குவாட்டர்ஸ் வாசலிலேயே வைத்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொழில் செய்யும் ஜெயதீபன் பொறுமைசாலி.

"ஐயா, கலர் மை முடிஞ்சுபோச்சு. கறுப்பில அடிச்சுத் தரட்டோ?"

"கறுப்புதான் கம்பீரம். சுத்தி நல்லாத் தடிப்பா கரை கட்டுங்க."

சிவசாமி கொடுத்தது, அவருடைய இருபத்தைந்து வருடச் சேவைக்குத் தோட்டத்தில் மாலை போட்டபோது எடுத்த படம். ஜெயதீபன் அதை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார்.

"படத்தைக் கொஞ்சம் சின்னனாக்கினால் புத்தகத்தின்ர பேரையும் போடலாம்."

"படத்தச் சின்னதாக்கவா? பேர எடுங்க! என் முகத்தப் பாத்தா ஊருக்கு விளங்காதா?"

"இல்லை, என்ன விசயம் எண்டாவது..."

"முகம் இருந்தா போதும்!"

கீழே ஞாயிறு காலை, குவாட்டர்ஸ் வாசல் என்று போடச்சொல்லி, அதோடு ஒரு வரி கம்பீரமாக இருக்கட்டும் என்று, காலையில் ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார்: 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

ஜெயதீபன் தாளை ஒரு தரம் பார்த்தார், ஆளை ஒரு தரம் பார்த்தார். எழுத்தாளர்களோடு வாதாடுவதில்லை என்பது அந்த அச்சகத்தின் கொள்கை. "உங்கட முகம், உங்கட விருப்பம்" என்று அடித்துக் கொடுத்துவிட்டார்.

போஸ்டர் ஒட்டுவதற்கும் மைக்கில் சொல்வதற்கும் வீரய்யாதான் சரியான ஆள். மைக் கட்டிய திரீவீலர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. பதினைந்து வருடமாக அந்த மைக்கில் மரண அறிவித்தலைத் தவிர வேறெதுவும் ஒலித்ததில்லை என்பது எழுத்தாளரின் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் ஞாபகம் முழுக்க அவரே நிறைந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கண்டி ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில், ஆளில்லாமல் நின்ற திரீவீலரின் பின்சீட்டில் போஸ்டர் கட்டைப் போட்டுவிட்டுப் போனார். தாளைப் பார்த்தால் என்ன செய்வது என்று வீரய்யாவுக்குத் தெரியும் என்று நம்பினார்.

தெரியத்தான் செய்தது. வீரய்யா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி கட்டி, பூண்டுலோயா வரைக்கும், நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் மழையில் நனைந்து கரகரத்த குரலில் போய்ச் சொன்னார். அவர் கண்டி ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள், கண்டியில் செத்தவரை வேனில் கொண்டுவருகிறார்கள் என்று மீதியைச் சேர்த்துக்கொண்டார்கள். விளம்பரம் அப்படிப் பரவியது. சிநேகிதம் டொட் கொம் பிச்சை வாங்க வேண்டும்.

கண்டியில் சிவசாமியின் போன் செத்துக் கிடந்தது. சார்ஜர் பாவைகளுக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பேராசிரியரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்துச் சந்தியிலிருந்து குவாட்டர்ஸ் வரைக்கும், விடாத மழையில் கொடிகள் தொங்கின.

"பாத்தீங்களா சேர், தோரணம்!"

"எல்லாம் வெள்ளையாக இருக்கிறதே?" என்றார் பேராசிரியர்.

"சரஸ்வதிக்கு வெள்ளைதானே உகந்தது!"

வாசலில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். சிவசாமி வேன் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். ஆண்கள் குடையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"கடைசி அத்தியாயம் அப்படிங்க சேர்" என்று பெருமையோடு சொல்லிவிட்டு வேன் கதவைத் திறந்து இறங்கினார்.

முதலில் பார்த்தவள் கொழுந்து பறிக்கும் ராக்காயி. அவள் போட்ட சத்தத்தில் பாதிக் கூட்டம் தேயிலைக்குள் ஓடியது. மீதிக் கூட்டம் ஓட முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தலைவிரி கோலமாக உள்ளேயிருந்து ஓடிவந்த சரோஜாதேவி, கையிலிருந்த குடையால் புருஷனை நாலு சாத்து சாத்தினாள். அடிபடுவது ஆள்தான், ஆவி இல்லை என்று தெரிந்ததும் குடையைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"கண்டிக்குப் போன எடத்துல செத்துட்டீங்கன்னாங்களே! வேன்ல கொண்டாராங்கன்னாங்களே! நான் படி மிதிக்க மாட்டேன்னு சொன்ன சொல்லே உங்களக் கொண்டுபோயிருச்சேன்னு ரெண்டு நாளா நெஞ்சு வெந்து கெடந்தேனே!"

சிவசாமிக்கும் கண் கலங்கிவிட்டது. இவள் தனக்காக இப்படி அழுவாள் என்று அவர் எழுதின நாவலில்கூட இல்லை. அவளைத் தாங்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் காலை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வீடு வெறுமையாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்தது. அலுமாரிக்கு மேலே சுவர் தெரிந்தது. ஒரு பாவையைக்கூடக் காணோம்.

"சரோஜா! புத்தகமெல்லாம்?"

"போயிருச்சுங்க."

"முன்னூறுமா?"

"ஒண்ணு விடாம. ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துட்டுப் போனாங்க" என்ற சரோஜாதேவி அவர் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைத் திருகினாள்.

சாவு என்று வந்தவர்கள் சரஸ்வதியைக் கையில் ஏந்திப் போயிருக்கிறார்கள்! சிவசாமி விறுவிறுவென்று வாசலுக்கு வந்து ஒரு நாற்காலியில் ஏறினார். ஓடின கூட்டமும் தேயிலைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலையை நீட்டியது.

"என் வாசகர்களே! இணையம் என்னைத் தள்ளியது, நீங்கள் அள்ளினீர்கள்! எழுத்தாளன் செத்தாலும் எழுத்து சாகாது என்று இன்றைக்கு நிரூபித்துவிட்டீர்கள்! பனிமலைப் பாவை இனி உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும்..."

அந்த நேரம், சுடுகாட்டு வேலைகளைக் கவனிக்கும் கந்தப்பன் முகமெல்லாம் கரியாக, நாற்காலியில் நிற்பது யார் என்றுகூடப் பார்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே சரோஜாதேவியிடம் வந்து நின்றார்.

"அம்மா, நீங்க அவரோடயே போகட்டும்னு குடுத்த புத்தகமெல்லாம் நல்லாப் புடிச்சுக்கிச்சுங்க, மழையில நனஞ்ச வெறகு முழுக்க அதுலதான் காஞ்சுச்சு. ஐயாவ எப்ப கொண்டாறீங்க?"