பயிற்சிக்கு ஒருவர் மட்டும்

"என்ன சொல்றார்?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

பேசியது அவள் கணவர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் திருத்தக்காரர். பிறந்ததிலிருந்தே நாக்கும் கழுத்தும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அவர் பேசினால், தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும் வெளியாருக்கு. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

அவர் சொன்னது இதுதான்: "பேசக் கத்துக்கறதுக்கு உதவி கேட்டா, முதல்ல நேர்ல வந்து பேசிக் காட்டுங்கறாங்க. இந்த விதியை எழுதினவன் மண்டையில என்ன இருக்கு?"

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"விதியெல்லாம் ரொம்ப யோசிச்சு எழுதியிருக்காங்கன்னு சொல்றார் சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "விதியை மதிக்கிற ஆளைப் பாத்தே ரொம்ப நாளாச்சு. மத்தவங்ககிட்ட நான் விண்ணப்பத்தோட வைக்கற இந்த நாலு இணைப்பையும் கேக்கறதேயில்ல. உங்ககிட்ட கேக்கறேன். எல்லாத்தையும் முறைப்படி செஞ்சுடுவோம்."

மூலையில் தட்டச்சுப் பெண் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி, எங்கோ போக நினைத்து மறந்துபோனதைப்போலச் சுற்றியது.

வேறொரு ஊரில் ஐந்து நாள் பயிற்சி அது. உடல் குறைபாடு உள்ளவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே கேட்டுப் பேசப் பழக்குவார்கள். ரயில் கட்டணமும் தங்கும் செலவும் இந்த அரசு அலுவலகம் தரும். திருத்தக்காரருக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். அச்சக முதலாளி பதினொரு வருடமாக அவர் எதிரிலேயே நின்றுகொண்டு, "அவருக்கு டீ வேணுமான்னு கேளும்மா" என்று, சாப்பாடு கொண்டுபோகும் இவளிடம் சொல்கிறார். ஒரு தடவையாவது அந்த ஆளுக்குத் தானே பதில் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய கனவு.

இரண்டாம் முறை போனபோது அதிகாரி, "எதுக்காக இந்தப் பயிற்சி வேணும்?" என்று கேட்டார்.

திருத்தக்காரர் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார்: "என் பன்னிரண்டு வருஷப் பேச்சும் இவ வாயில இருக்கு. அதைத் திரும்ப வாங்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஜன்னலில் வெயில் தூசியைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, "சமுதாயத்துக்குத் தொண்டு செய்யணுமாம் சார்," என்றாள்.

"தொண்டா? பேஷ். அப்ப இதுவரைக்கும் செஞ்ச தொண்டுக்குச் சான்றிதழ் கொண்டு வாங்க."

வெளியே நீளமான நடைபாதை. அதில் நடந்தால் பிற்பகல் முடியவே முடியாது என்று தோன்றும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன?"

"கருத்து ஒண்ணுதானேங்க."

"அச்சகத்துல ஒரு வரி இப்படி மாறினா அந்தத் தாள்ல இருக்கற எட்டுப் பக்கத்தையும் திரும்ப அடிப்போம்."

"அப்ப நீங்களே எழுதிக் காட்டுங்களேன்."

"எழுதிக் காட்டணும்னா பயிற்சி எதுக்குடி?"

சான்றிதழுக்காக அவரை ஒரு நூலகத்தில் தொண்டுக்குச் சேர்த்தாள். புத்தகங்களுக்கு அட்டை போடுவது வேலை. அவர் அட்டை போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்து, அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினார். நான்காம் நாள் நூலகர் ஒரு பெரிய நாவலைத் திறந்து பார்த்துவிட்டு, "இவருடைய தொண்டு சிறப்பாக நிறைவடைந்தது" என்று அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் முறை ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

"தனியா போவீங்களா, துணைக்கு ஆள் வேணுமா?"

"தனியா," என்றார் திருத்தக்காரர்.

ஒரே சொல். அவள் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் அவள் கண்ணுக்கு ஒரு ரயில் தெரிந்தது. அது ஓசையில்லாமல் நகர்ந்தது, ஜன்னலோரத்தில் அவர். தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்கிறார், பெட்டி முழுக்க இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு வீடு. இரண்டு நாற்காலி, ஒரு ஆள், சொல்வதற்கு யாருடைய பேச்சும் இல்லை.

"நான் இல்லாம போக மாட்டாராம் சார்," என்றாள்.

அதிகாரி உச்சுக்கொட்டினார். "அடடா. இருக்கறது ஒரே ஒரு இடம். தனியா போறவர்னா உறுதியா கிடைச்சிருக்கும். சரி, மேலிடத்துக்கு அனுப்பறேன். நம்பிக்கை வச்சுக்காதீங்க." தட்டச்சுப் பெண் நீட்டிய தாள்களில், ஏதோ யோசனையாகவே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று அவர் திட்டவில்லை. பேருந்தில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. வாசலில் பால்காரர் வழக்கம்போல, "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள். அவள் வாய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. வீடு நீருக்குள் இறங்கியதுபோல இருந்தது.

நான்காம் நாள் அவள் தனியாக அலுவலகத்துக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை.

"சார், தப்பு என் மேல. அவர் சொன்னது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. இப்ப உள்ளபடி சொல்றேன், எழுதிக்குங்க."

மூன்று பதிலையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். மண்டையையும் விடவில்லை. 'தனியா' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"நேத்துதான் மேலிடத்திலிருந்து வந்துச்சு. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல." மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "'தனியாகச் செல்ல விரும்பும் இவருக்கு உதவி வழங்கப்படுகிறது. தம் பேச்சைத் தாமே திரும்பப் பெறவேண்டும் என்ற இவருடைய காரணம் ஏற்கப்படுகிறது. நேரில் பேசிக்காட்டும் விதியைப் பற்றிய இவருடைய கருத்தும் நியாயமே. அவ்விதி இன்றுமுதல் நீக்கப்படுகிறது.' இதையெல்லாம் அவங்களுக்கு யாரும்மா சொன்னது? நீங்க இப்பத்தானே என்கிட்டயே சொல்றீங்க?"

இருவரும் மெல்ல மூலைப் பக்கம் திரும்பினார்கள்.

தட்டச்சுப் பெண் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க அண்ணன் பேச்சும் இப்படித்தான்க்கா, அதனால அவர் சொன்னதெல்லாம் எனக்கு முதல் நாளே நல்லா புரிஞ்சுது, அப்படியே அடிச்சு அனுப்பிட்டேன், நடுநடுவுல நீங்க என்ன சொல்லிட்டிருந்தீங்கன்னுதான் புரியல, அதை மட்டும் விட்டுட்டேன்."