படகில் ஒரு ஃபேன் ஓட வேண்டும்

இன்வர்ட்டர் மறுபடி ‘கீ’ என்று அலறியது. மேசை ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது.

தையல் டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் சொருகிக்கொண்டு, கரையோரம் கட்டியிருந்த தன் படகின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"பேசாம ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவா?" என்றார் டார்ச் பிடித்திருந்த அவள் வீட்டுக்காரர்.

"கூப்பிடுங்க. வந்தவரோட நீங்களும் நீந்தித்தான் கரைக்குப் போகணும்."

அவள் கோபத்துக்குக் காரணம் அக்காவின் கணவர், அத்தான். போன வாரம் அக்கா வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது தன் படகைப் பற்றி அளந்துவிட்டார். "இன்வர்ட்டர் சார்ஜர் போட்டிருக்கேன். கரையில கரன்ட் குடுத்தா அதுவே பேட்டரியை ஏத்தும். நடுத் தண்ணியில அதே பேட்டரியில ஃபேன் ஓட்டும். எல்லாம் என் கையால மாட்டினது. உனக்கெல்லாம் இது சரிப்படாதும்மா."

டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க. என் படகுல ஃபேன் ஓடலேன்னா படகையே வித்துடறேன்!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஊர்த் துணியையெல்லாம் தைத்துத் தைத்து வாங்கிய படகு அது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

போன் அடித்தது. அத்தான்தான்.

"என்னம்மா, எது வரைக்கும் வந்திருக்க?"

"இன்வர்ட்டர் மெஷின் படகுக்கு முன்னாடி, பேட்டரி பின்னாடி, நடுவுல நீள ஒயர். ஃபேனைப் போட்டா மெஷின் கத்துது அத்தான்."

"கத்தத்தான் செய்யும். ரெண்டையும் பெஞ்சுக்கு அடியில ஒண்ணா வெச்சு மூடிடு."

மூடினாள். கத்தல் நின்றது, ஃபேனும் சுற்றியது. சற்று நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார்.

"அடியில அடுப்பு ஏதும் பத்த வெச்சிருக்கியா?"

மெஷின் கொதித்துப்போய்த் தானாகவே அணைந்துவிட்டது. உடனே மறுபடி போன்.

"சூடாயிடுச்சா? என்ன மாதிரி வாசனை வந்துச்சு?" என்று ஆர்வமாகக் கேட்டார் அத்தான். "நான் நெனச்சேன். மூடியைத் திறந்து ஃபேனை மெஷினுக்கு நேரா திருப்பி வை."

இப்போது மெஷின் ஃபேனை ஓட்டியது, ஃபேன் மெஷினை ஆற்றியது. மனுஷருக்குத்தான் காற்று இல்லை.

"ரெண்டும் நல்லாக் குடும்பம் நடத்துது. நாம வீட்டுக்குப் போயிடலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

அதற்குள் பேட்டரி இறங்கத் தொடங்கியது.

"கரையிலேர்ந்து கரன்ட் இழுத்து மாட்டட்டுமா அத்தான்?"

"அவசரப்படாதே. பழைய பேட்டரி சார்ஜர் இருக்குல்ல? அதை இன்வர்ட்டர் பிளக்லயே சொருகு. போற கரன்ட் சுத்திக்கிட்டு பேட்டரிக்கே திரும்பி வந்துடும்."

"அடேயப்பா! அப்ப கரன்ட் பில்லே கிடையாதா?" என்று வாயைப் பிளந்தார் வீட்டுக்காரர்.

இருந்த கொஞ்சநஞ்சமும் வேகமாகத் தீர்ந்து, படகில் இத்தனை நாளாக ஒழுங்காக எரிந்த சின்ன பல்பும் அணைந்தது.

"ஒரே பானையில மொண்டு அதே பானையில ஊத்தினா தண்ணி எப்படிங்க ஏறும்? சிந்தினதுதான் மிச்சம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் டீச்சர். படகு கையைவிட்டுப் போய்விடும்போல் இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். இனி யார் பேச்சையும் கேட்பதில்லை.

கனத்த துணிக்கு மெல்லிய நூல் தாங்காது. அந்த நீள ஒயரும் மெலிசுதான். கடைக்கு ஓடித் தடித்த ஒயர் வாங்கி வந்தாள். மெஷினைப் பெஞ்சுக்கு வெளியே, காற்றுப்படும் சுவரில், பேட்டரிக்கு எட்டும் தூரத்தில் மாட்டினாள். நடுவில் ஃபியூஸ் வைத்தாள். பழைய சார்ஜரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கரை கரன்ட்டை நேராக மெஷினுக்குக் கொடுத்தாள். பேட்டரி ஏறத் தொடங்கியது.

சாயங்காலம் அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். டீச்சர் அவர்கள் கண்ணெதிரிலேயே கரை ஒயரைப் பிடுங்கினாள். ஃபேன் நிற்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தானோ தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"இது எவ்வளவு தடிமன்? ஃபியூஸ் எந்தப் பக்கம்?"

"ஏன் அத்தான், உங்க படகுல வேற மாதிரி மாட்டியிருக்கீங்களா?"

அத்தான் அடுத்த ஒயரைப் போட்டோ எடுத்தார். ஃபேனுக்கு எதிரில் வசதியாக உட்கார்ந்துகொண்டு அக்காதான் பதில் சொன்னாள்:

"அவரு மெஷின் பெட்டியே பிரிக்காம கார் டிக்கியில கெடக்குடி. ‘உன் தங்கச்சிகிட்ட ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாக்கறேன், எது எரியாம இருக்கோ அதை நம்ம படகுல போட்டுக்கலாம்’னு காலையிலேர்ந்து போனும் கையுமா உக்காந்திருந்தாரு!"